ஐந்நூறு காட்டும், முந்நூறு ஓடும்

பேட்டரி கார் விற்கிற தொழிலில் ஒவ்வொரு காருக்கும் இரண்டு எண்கள் உண்டு: ஒன்றைச் சொல்லி விற்பார்கள், இன்னொன்றை வாங்கினவர் நடுரோட்டில் நின்றபடி தெரிந்துகொள்வார்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தவள் நான். கோவளம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிக் கட்டடம். உள்ளே இரண்டே கதவு வைத்த மின்சார ஸ்போர்ட்ஸ் கார்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வாங்குகிற வசதி எனக்கில்லை. என் வேலைக்கு டெமோ டிரைவர் என்று பெயர். வாங்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். பயந்தவர்களாக இருந்தால் நானே ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு பொம்பளை ஓட்டிக் காட்டினால் ஆம்பளைகளுக்கு ரோஷம் வந்து உடனே வாங்கிவிடுவார்கள் என்று யாரோ கணக்குப் போட்டு என்னை எடுத்திருந்தார்கள். கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

அதற்கு முன் நான் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டினேன். எல்லாம் ஏஜென்சி வழியாகத்தான். எத்தனையோ கேட்டுகளுக்குள் போய் வந்திருக்கிறேன், ஒரு கம்பெனியும் என் பெயர் போட்ட அட்டை கொடுத்ததில்லை. இங்கேயும் காலையில் கேட்டில் ‘விசிட்டர்’ என்று அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள், சாயங்காலம் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். நடுவில் நாள் முழுக்க நான் அங்கே வேலை பார்த்த விசிட்டர். சேல்ஸ் மேனேஜர் சதீஷ், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், நான் சேர்ந்த அன்றே சொன்னார்: வருஷக் கடைசியில், மார்ச்சில், பர்மனென்ட் ஆக்கிவிடுகிறோம், ஃபோட்டோ போட்ட அட்டை வந்துவிடும். நான் மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போய், தலையை வழித்துச் சீவி, ஃபோட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டேன். மாதச் சம்பளத்துக்காகப் பிறரைப் பார்த்துச் சிரிக்கிற வேலையில் இருக்கிற யாருக்கும், அந்த அட்டை எனக்கு என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

காற்றடிக்கிற வேலை

அந்தக் காரின் திரையில் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்று ஓர் எண் தெரியும். அது அளந்து சொல்கிற எண் அல்ல, கடைசியாக வண்டியை எப்படி ஓட்டினோம் என்பதை வைத்துப் போடுகிற உத்தேசம். மெதுவாக, ஏ.சி. இல்லாமல் ஓட்டினால் எண் ஏறும். காலை அழுத்தினால் இறங்கும். விளம்பரத்தில் போட்டிருந்தது ஐந்நூறு. ஏ.சி. போட்டுக்கொண்டு மனிதர்கள் போகிற மாதிரி போனால் முந்நூறு. ஆகவே கடை திறக்குமுன் என் முதல் வேலை, டெமோ காரை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் நுழைவாயில் வளைவு வரை மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து போய்த் திரும்புவது. ஏ.சி. கூடாது. கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்குமாம், அதனால் அதுவும் கூடாது. திரும்பி வந்து சார்ஜில் போட்டால், முதல் வாடிக்கையாளர் ஏறும்போது திரை ஐந்நூறு என்று சிரிக்கும். கடைக்குள் இதற்கு ‘நம்பருக்குக் காத்தடிக்கிறது’ என்று பெயர். ‘அக்கா, காத்தடிச்சாச்சா?’ என்றுதான் எனக்குக் காலை வணக்கம்.

கத்திரி வெயில் நாட்களில், கறுப்பு கோட் யூனிஃபார்மில், மூடின கண்ணாடிக்குள் நான் வெந்துகொண்டு போவேன். கூடவே துண்டு ஒன்றும் மாற்றுச் சட்டை ஒன்றும் வைத்திருப்பேன். கண் இமைக்கிற நேரத்தில் நூறைத் தொடுகிற கார் அது. அதை பஸ் தாண்டும், ஷேர் ஆட்டோ தாண்டும், வாடகை ஸ்கூட்டரில் போகிற வெள்ளைக்காரத் தம்பதி தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் மொபெட்டில் மீன் கூடை கட்டிக்கொண்டு வந்த ஒருவர் என் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் வந்தார். உள்ளே நான் வேர்த்து வடிவதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டினார். இறக்கினேன். கேலியே இல்லை அவர் முகத்தில், நிஜமான கவலை. “இன்னாம்மா, வண்டி பேஜாரா? கயிறு கீது, கட்டி இழுத்துனு போவவா?”

கல்பாக்கத்துக்காரர்

சனிக்கிழமைகளில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் சீட்டில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிற ரகம் இல்லை. குனிந்து டயரின் மேல் இருப்பதைப் படிக்கிற ரகம். அப்படி வந்த ஒருவர், மனைவியைச் சோஃபாவில் உட்கார வைத்துவிட்டு, காரை நாலு பக்கமும் பார்த்து முடித்து, நேராக என்னிடம் வந்தார். தினமும் இதை ஓட்டுவது நீங்கள்தானே என்று கேட்டார். ஏ.சி. போட்டுக்கொண்டு, பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடிக்காத வேகத்தில் போனால் எவ்வளவு தூரம் வரும் என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் எவ்வளவு வேகம் போகும் என்றுதான் கேட்பார்கள்.

சதீஷ் காஃபி மெஷின் பக்கம் இருந்தார். முந்நூறு சார், என்றேன். வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டார். முந்நூறு தமக்குத் தாராளம் என்றும், ஆனால் இதில் ஐந்நூறு என்று எழுதினவர்கள் பிரேக்கைப் பற்றி என்னென்ன எழுதியிருப்பார்களோ என்று யோசனையாக இருக்கிறது என்றும் சொன்னார். ரொம்ப மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, மனைவியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

கண்ணாடிக் கட்டடத்தில் எதையும் மறைக்க முடியாது. சதீஷ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பர்மனென்ட் லிஸ்ட் தன் கையில்தான் இருக்கிறது என்பதை முதலில் நினைவுபடுத்தினார். பிறகு சொன்னார்: “உங்களுக்குச் சம்பளம் ஸ்டியரிங் புடிக்கத்தான் மேடம். வாயத் தொறக்கறதுக்கு வேற ஆள் வெச்சிருக்கோம்.”

வீட்டோட மாப்பிள்ளை

கேளம்பாக்கத்தில் அடுக்குமாடியில் இருந்த ஒரு சாஃப்ட்வேர் தம்பி கார் வாங்கினார். கல்யாணம் ஆகாதவர், கடன் மட்டும் ஆகியிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை வீட்டிலேயே சார்ஜ் போட்டால் போதும் என்று சதீஷ் சொல்லியிருந்தார், ஐந்நூறு என்கிற கணக்கில். தம்பி காலை அழுத்துகிற அழுத்துக்கு அது மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று ஆனது. அதற்குள் அவருடைய அடுக்குமாடிச் சங்கம் கீழே ப்ளக் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களாம், தவிர தீப்பிடித்தால் யார் பொறுப்பாம்.

அவர் எங்கள் ஷோரூமுக்கு வந்து சார்ஜ் போட ஆரம்பித்தார். லாப்டாப்பைத் திறந்துகொண்டு வாடிக்கையாளர் சோஃபாவில் உட்கார்ந்துவிடுவார். மீட்டிங் நடக்கும்போது காஃபி மெஷின் இரைந்தால் எங்களைப் பார்த்து வாயில் விரல் வைப்பார். அப்புறம் பல் தேய்க்கிற பிரஷ் வந்தது, அப்புறம் ஒரு ஜோடி செருப்பு. அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். பாவம், போடவில்லை. பொங்கலுக்கு எங்களோடு சேர்ந்து கோலப் போட்டிக்கு மார்க் போட்டார்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஏழுமலை, எனக்குத் தினமும் அட்டை மாட்டிவிடுகிறவர், ஒரு நாள் சோஃபா பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: “நம்ம ஷோரூமுக்கு வூட்டோட மாப்ள வந்துட்டாரு மேடம். தீவாளிக்கு வேட்டி சட்ட எடுத்து வெச்சிடலாமா?”

பட்டுப்புடவை

எண் குறைகிறது என்று ஃபோன் செய்கிறவர்களுக்கு சதீஷ் ஒரே மருந்துதான் சொல்வார்: ஏ.சி.யைக் கொஞ்சம் அணைத்துப் பாருங்கள் சார். அதைக் கேட்டு ஒரு வாடிக்கையாளர், மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் நடந்த முகூர்த்தத்துக்கு மனைவியோடு ஏ.சி. இல்லாமலே கிளம்பிவிட்டார். வழியில் எங்களிடம் சார்ஜ் போட நிறுத்தினார். அவர் இறங்கினதும் என்னைக் கூப்பிட்டு, எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறேன் பாருங்கள் என்று திரையைக் காட்டினார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவர் முகம். அந்தப் பக்கக் கதவு திறந்து அவர் மனைவி இறங்கினார். அரக்குப் பட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. தலையில் வைத்த மல்லிகை வாடிப் பட்டையாகியிருந்தது. புருஷனிடம் அவர் ஒன்றும் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். “பழைய வண்டில போனா பவுடர் கலையாம எறங்குவேன். இப்ப இம்மாம் பெரிய ஸ்போர்ட்ஸ் கார்ல, கல்யாணப் பத்திரிகையாலயே விசிறிக்கினு வர்றேன்.”

மாப்பிள்ளை அழைப்பு

அந்தக் கார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் எங்கள் வாடிக்கையாளர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு மேற்கூரை திறக்கிற மாடல் ஒன்றைக் கம்பெனி அனுப்பியது, விளம்பரத்துக்கு விளம்பரம். அது என் ஊர் என்பதால் ஓட்ட என்னையே அனுப்பினார்கள்.

முன்னால் நாதஸ்வரமும் தவிலும், இரண்டு பக்கமும் லைட் தூக்கினவர்கள், நடுவில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, அவருக்குக் கீழே ஸ்டியரிங்கோடு நான். எங்கள் தெருக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். ‘அட, நம்ம ஜெயந்தி’ என்று ஒரு குரல் கேட்டது. அன்றைக்கு நேரே ஷோரூமிலிருந்து வந்ததில் அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். அவசரமாக விசிட்டர் அட்டையைக் கோட்டுக்குள் தள்ளிக்கொண்டேன். என் சொந்த ஊரில், நான் ஓட்டுகிற வண்டிக்கு நானே விசிட்டர் என்று அவர்கள் ஏன் படிக்க வேண்டும்?

தேரடியைச் சுற்றி மண்டபம் வந்து சேர்கிற வரை திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எண் குறையவே இல்லை. மேலே மேலே ஏறி, ஐந்நூறையும் தாண்டிவிட்டது. விளம்பரம் எழுதினவர்கள் இதைத் தவிலுக்குப் பின்னால்தான் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மண்டப வாசலில் தவில்காரர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு காரைத் தட்டிக் கொடுத்தார். “வழில நின்னுப்பூடும்னு சொன்னாங்கோ. எங்ககூடவே நடந்து வந்துச்சி, ஒரு எடத்துல நிக்கல. நல்ல வண்டிதாம்மா, கொஞ்சம் மெதுவா போவுது, அவ்ளோதான்.”

செங்கல்பட்டு தனசேகர்

சிமென்ட், கம்பி ஏஜென்சி வைத்திருந்த தனசேகர் செங்கல்பட்டிலிருந்து தன் மனைவியின் தம்பியோடு வந்தார். மாமனும் மச்சானும் சின்ன வயதிலிருந்தே போட்டி போடுகிறவர்கள் என்பது அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நுழைந்த விதத்திலேயே தெரிந்தது. யார் முதலில் உள்ளே போவது என்பதில்கூட இடித்துக்கொண்டார்கள். மச்சானிடம் பெரிய டீசல் கார் இருந்தது. பேட்டரி காரைத் தள்ளிக்கொண்டு வரத் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று அவர் சதீஷ் முன்னாலேயே சொன்னார்.

டெஸ்ட் டிரைவில் தனசேகரும் நானும் மட்டும் போனோம். ரோடு காலியாக இருந்த ஓர் இடத்தில் அவர் காலை அடிவரை அழுத்தினார். எங்கள் தலை இரண்டும் சீட்டில் போய் மோதியது. அவர் குழந்தை மாதிரி சிரித்தார். நிறுத்தி, மறுபடி அழுத்தினார். மறுபடியும். நான் காலையில் வேர்வை சிந்தி ஏற்றி வைத்த எண் மளமளவென்று இறங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மச்சானை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி போய், அங்கே ஊரெல்லாம் சுற்றிவிட்டு, எங்கேயும் சார்ஜ் போடாமல் செங்கல்பட்டுக்குத் திரும்பி வந்து அவன் வாயை அடைக்கப் போவதாகச் சொன்னார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பர்மனென்ட் லிஸ்ட் அந்த மாதம்தான் போகிறது என்று சதீஷ் சொல்லியிருந்தார், ஃபோட்டோ இன்னொன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியும் இருந்தார். ஆனால் நடு வெயிலில் ரோட்டோரத்தில் நிற்கப் போகிற ஒரு மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். “சார், பாண்டில எறங்கினதும் சார்ஜ் போட்டுடுங்க. இது முன்னூறுதான் ஓடும். நீங்க அழுத்தற அழுத்துக்கு அதுவும் ஓடாது.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, வேடிக்கையாகத்தான் பார்த்தார். ஷோரூமுக்கு வந்ததும் சதீஷிடமும் மச்சானிடமும், உங்கள் டிரைவரம்மா பயந்த சுபாவம் என்று சொல்லிச் சிரித்தார். சதீஷும் சேர்ந்து சிரித்தார், கண்ணை மட்டும் என் மேல் வைத்துக்கொண்டு. காரைப் புக் செய்துவிட்டுப் போகும்போது தனசேகர் என் பக்கத்தில் நின்றார். “இம்மாம் பெரிய கம்பெனி ஐநூறுன்னு போட்டுகீது, ஸ்கிரீன்லயும் ஐநூறுன்னு கீது. நடுவுல நீ யாரும்மா முன்னூறுன்னு சொல்றதுக்கு?”

கடப்பாக்கம்

அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சதீஷுக்கு ஃபோன் வந்தது. கடப்பாக்கம் தாண்டி, உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. இந்தக் காரை வெறுமனே கயிறு கட்டி இழுக்க முடியாது. சக்கரப் பூட்டை எடுத்துவிட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அது தெரிந்தவள் என்பதால் லாரிக்காரரோடு என்னை அனுப்பினார் சதீஷ். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல், அங்கே போய் ஒன்றும் பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

நிழலே இல்லாத இடம். பளபளவென்று சிவப்புக் கார், அதன் பக்கத்தில் ரோட்டோரக் கல்லின் மேல், தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு தனசேகர். நுங்கு விற்கிறவர் ஒருவர் தன் குடையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மச்சானைக் காணோம். பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சார்ஜர் இருப்பதாக ஃபோன் காட்டியதை நம்பிப் போயிருக்கிறார்கள். அந்த ஹோட்டல்காரர்கள் சார்ஜருக்கு முன்னால் டேபிள் நாற்காலி அடுக்கி வைத்திருந்தார்களாம். அப்புறம் ஏ.சி.யை அணைத்து, ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, இங்கே வந்து நின்றிருக்கிறார்கள். சென்னை பஸ் ஒன்று வந்ததும் மச்சான் கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். ஜன்னலோர சீட் கிடைத்ததாம். அங்கிருந்து டாட்டா காட்டிவிட்டுப் போனாராம். வண்டி நின்றதைவிட அந்த டாட்டாதான் தனசேகரைக் கொன்றுபோட்டிருந்தது.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் நானும் அவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பின்னால் லாரியின் முதுகில் கார் ஏறி உட்கார்ந்து வந்தது. நான் அன்றைக்கே சொன்னேனே என்கிற வார்த்தை என் தொண்டை வரை வந்து வந்து போனது. வேலையை நினைத்து முழுங்கினேன். கல்பாக்கம் திருப்பம் வந்ததும் அவரே ஆரம்பித்தார். எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது, மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “நீ சொன்னது நிஜம்தாம்மா. ஆனா டிரைவர் சொல்றதக் கேட்டு எவனாவது கார் வாங்காம வுடுவானா? தெரிஞ்சவ நீ, அழுத்திச் சொல்லியிருக்கணும். உம்மேலதான் தப்பு.”

அப்டேட்

தனசேகர் அதோடு விடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். மச்சான் வேறு, பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். அது சுற்றிச் சுற்றிச் சென்னை வரை போனது. பட்டுப்புடவை அம்மாவின் வீட்டுக்காரரும் எழுதினார். எங்கள் வீட்டோட மாப்பிள்ளைகூட எங்கள் சோஃபாவிலேயே உட்கார்ந்துகொண்டு எழுதினார்.

கொஞ்ச நாளில் எல்லாக் கார்களுக்கும் அப்டேட் ஒன்று வந்தது. இனிமேல் திரை ஒரு காலையின் ஓட்டத்தை வைத்து உத்தேசம் போடாது. வெயில், ஏ.சி., பல நாள் ஓட்டம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்லும். இது தெரியாமல் நான் வழக்கம்போல வளைவு வரை போய் வெந்து திரும்பி வந்து சார்ஜில் போட்டேன். முந்நூறு என்றது. மறுநாள் இன்னும் மெதுவாகப் போய் வந்தேன். முந்நூறு. எத்தனை காற்றடித்தும் ஏறவில்லை.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இனிமேல் மூடின கண்ணாடிக்குள் வேக வேண்டாம். நான் திட்டு வாங்கிக்கொண்டு சொன்ன எண் இப்போது வெளிச்ச எழுத்தில் கம்பெனி காரிலேயே தெரிகிறது. இதற்குமேலும் என் அட்டை எங்கே போய்விடும் என்று நினைத்தேன். ஏழுமலையிடம்கூட, இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் எனக்கு நீங்கள் அட்டை மாட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு இவ்வளவு அசட்டுத்தனம் ஆகாது.

சதீஷ் கூப்பிட்டார். கோபமே இல்லை. வாடிக்கையாளர்களுக்கு வைக்கிற பீங்கான் கோப்பையில் காஃபி வரவழைத்து என் முன்னால் வைத்தார். எங்களுக்கு எப்போதும் பேப்பர் கப்தான். அந்தக் கோப்பையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. டெமோ டிரைவர் என்கிற வேலையே காலையில் அந்த நம்பரை ஏற்றத்தான் இருந்தது என்றார். டெஸ்ட் டிரைவுக்கு இனி சேல்ஸ் ஆட்களே போய்க்கொள்வார்கள். பர்மனென்ட் லிஸ்ட் வந்துவிட்டது, அதில் என் பெயர் இல்லை. ஏஜென்சி வேறு இடம் பார்த்துக் கொடுக்கும்.

அன்றைக்கு நான் சொன்னதும் இதே முந்நூறுதானே சார் என்று கேட்டேன். சதீஷ் யோசிக்கக்கூட இல்லை. “அதேதான் மேடம். நீங்க சொன்னதையே இப்ப ஸ்கிரீனே சொல்லிடுது. அப்புறம் நீங்க எதுக்கு?”

கேட்

சாயங்காலம் கேட்டுக்கு வந்தேன். என் ஃபோட்டோ இரண்டையும் ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். வழித்துச் சீவின தலையோடு, பர்மனென்ட் ஆகப் போகிற முகத்தோடு, இரண்டு ஜெயந்தி. ஏழுமலைக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், தினமும் செய்கிற மாதிரியே கையை நீட்டினார். நான் கழற்றவில்லை. அந்த அட்டையைப் பிடுங்கித் தூர வீசிவிடலாமா என்றுகூட இருந்தது. எத்தனை வெயிலில் என் வேர்வை அதில் இறங்கியிருக்கும். அவர் மெதுவாகச் சொன்னார். “குட்த்துடுங்க மேடம். நாளைக்கி வேற விசிட்டர் வருவாங்கோ.”

அந்தக் கார் பொய் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு வேலை இருந்தது, உண்மை பேசக் கற்றுக்கொண்டதும் முதல் வேலையாக அது என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போய்விட்டது.